சைராகானின் நாற்பத்தொன்று

சைராகானுக்கு ஐம்பத்தேழு வயது வரை ஒரு நோயும் வந்ததில்லை. எங்கள் மலையூர் கொச்கோரில் இது பெருமைக்குரிய விஷயமல்ல.

மாதம் ஒரு வீட்டில் நாங்கள் பெண்கள் கூடிச் சாப்பிடுவோம். கறியில் எந்த எலும்பு யார் தட்டுக்கு என்பது வயதுப்படி முடிந்துவிடும். பிறகு தேநீர் வரும்போது பேச்சு நோய்க்குத் திரும்பும். அங்கே வயது செல்லாது. பாத்மாவுக்குப் பித்தப்பையில் கல். மற்றவர்களுக்குச் சர்க்கரை, அழுத்தம், முழங்கால். யாருடைய நோய் பெரியதோ அவள் முதுகுக்குத் தலையணை வரும். அவள் கிண்ணம் முதலில் நிரம்பும். அவள் பேசும்போது மற்றவர்கள் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியை மெல்லுவதை நிறுத்துவார்கள். சைராகான் இத்தனை வருடங்களாகத் தலையணை இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையின் தலைவியாக இருந்தவள். கொதிக்கும் அண்டாவைத் தனியாக இறக்குவாள். ஊரில் பாதிப் பேர் சிறு வயதில் அவள் கரண்டிக்கு முன் தட்டோடு வரிசையில் நின்றவர்கள்தான். கணவர் இறந்த வாரமே, குளிர்காலத்துக்கான குதிரையை அறுக்க ஆள் பேசியவள். அப்படிப்பட்டவளுக்கு ஓய்வு பெற்ற பிறகு வரிசையில் நிற்க ஒருத்திதான் மிஞ்சினாள். மருமகள் பெகாயிம்.

பெகாயிம் ஏரிக்கரை ஊரிலிருந்து வந்தவள். முதல் வருடம் எல்லா மருமகள்களையும் போல எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுத்தாள். இரண்டாம் வருடம் வேகம் குறைந்தது. மாவு பிசையும்போதே தூங்கினாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குளிர்கிறது என்றாள். முகம் உப்பியது. குரல் கட்டையாகிவிட்டது. பேச ஆரம்பித்தால் வாக்கியம் முடிவதற்குள் நமக்கு இரண்டு வேலை முடிந்துவிடும். பிள்ளையும் உண்டாகவில்லை.

சைராகான் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வார்த்தையில் நோயைச் சொல்லிவிட்டாள். சோம்பல்.

"எங்க வீட்ல யாரு மாமியா, யாரு மருமகன்னே தெரியல பாத்மா. விடிஞ்சா நான் போயி எழுப்புறேன். எந்திரிங்கம்மா, டீ வேணுமாம்மான்னு கேக்குறது ஒண்ணுதான் பாக்கி."

"எல்தியார் என்ன சொல்றான்?"

"அவன் என்ன சொல்லுவான். வண்டி ஓட்டிட்டு வர்றான், திங்குறான், தூங்குறான். ஜூன்ல ஆடு மலையேறும்ல, அதுக்குள்ள திருந்தலன்னா அவளப் பொறந்த வீட்டுக்கு அனுப்பிடுவேன். கூட ஒரு ஆட்டயும் அனுப்புறேன், நஷ்டப்பட்டோம்னு சொல்ல மாட்டாங்க."

சொன்னால் செய்வாள். மகன் எல்தியார் தலைநகருக்குப் பயணிகள் வண்டி ஓட்டுகிறவன். ஹாரனைத் தவிர வேறு எதிலும் குரல் எழுப்பாதவன்.

அந்தக் குளிர்காலத்தில் சைராகான் எங்கள் மருத்துவமனைக்கு அடிக்கடி போனாள். அசதி என்றாள். எடை கூடிவிட்டது என்றாள். நெஞ்சைப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. சிறுநீரகத்தைப் பார்த்தார்கள், அதுவும் நன்றாக இருந்தது. "இன்னும் நல்லாப் பாருங்க, எதாவது இருக்கும்" என்று நாற்காலியை விட்டு எழ மறுத்தாள். மருத்துவர் கடைசியாகத் தைராய்டுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதினார். அவருக்கும் வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை காலையில் பண்பாட்டு மன்றத்துக்கு முன்னால் ரத்தம் எடுக்கும் வண்டி ஒன்று வந்து நிற்கும். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பார்கள். பிப்ரவரி. மூச்சு மீசையில் உறையும் குளிர். சைராகான் சீட்டை மருமகள் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டு எதிரே பாத்மா வீட்டுக்குள் போனாள். ஊசி என்றால் அவளுக்கு ஆகாது. ஆண் குதிரையைக் கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறவள் ஊசியைப் பார்த்தால் சுவரைப் பார்ப்பாள். தைரியத்துக்கு ஒரு கிண்ணம் தேநீர் குடித்தாள். தேநீருக்குப் பாலேடு, பாலேட்டுக்கு ரொட்டி.

அதற்குள் வரிசையில் முறை வந்துவிட்டது.

எங்களில் மருமகள் தன் கணவன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அதே பெயர் இருந்தால் அந்தக் குழந்தைக்கும் வேறு பெயர் வைத்துக் கூப்பிட வேண்டும். பெகாயிம் வந்த நாளிலிருந்து 'சைராகான்' என்ற ஒலி அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

"பேரு?" என்றாள் வண்டியிலிருந்த நர்ஸ்.

பெகாயிம் சீட்டை நீட்டினாள்.

"சீட்டு இருக்கட்டும். பேரச் சொல்லு."

பெகாயிம் பாத்மா வீட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"சைராகானா?"

பெகாயிம் தலை குனிந்தாள். இங்கே மருமகள் தலை குனிந்தால் ஆமாம் என்று பொருள். இல்லை என்பதற்குத் தனியாக எதுவும் கிடையாது.

"ஏம்மா, உள்ள ஏறு இல்ல வழிய விடு, காலு வெறைக்குது" என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

"கைய நீட்டு" என்றாள் நர்ஸ். பெகாயிம் நீட்டினாள். சொன்னதும் நீட்டிப் பழகிய கை. பிறந்த வருடம் இருக்க வேண்டிய இடத்தில் மருத்துவரின் கையெழுத்து படர்ந்திருந்தது. சால்வைக்குள் இருந்த உப்பிய முகத்துக்கு எந்த வயதும் பொருந்தும். நர்ஸ் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பாத்மா வீட்டு வாசலுக்குப் போய் பெகாயிம் நடந்ததைச் சொன்னாள். "அம்மா, என்கிட்ட எடுத்துட்டாங்க."

சைராகான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். திட்டு விழும் என்று பெகாயிம் காத்திருந்தாள்.

"எடுத்துட்டாங்களா? சரி போ, நல்லதாப் போச்சு. ஒரே அடுப்புல சமைக்கிறோம், ஒரே மலை உப்பத் திங்குறோம். ரத்தம் மட்டும் வேற வேறயாவா இருக்கும்?"

பாத்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ரொட்டியைத் தள்ளி வைத்து, "இன்னொரு கிண்ணம் ஊத்தட்டுமா?" என்றாள்.

சில நாளில் எல்தியாரின் கைபேசிக்கு முடிவு வந்தது. மேலே சைராகானின் பெயர். கீழே டி.எஸ்.ஹெச். நாற்பத்தொன்று. பக்கத்திலேயே, நான்குக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த எண்ணுக்கு மட்டும் சிவப்பு நிறம்.

சைராகான் பொய் சொன்னாள் என்று நான் சொல்ல மாட்டேன். மறந்துவிட்டாள். அவள் பெயர், அவள் சீட்டு. சிவப்பில் வந்த எண்ணை வேறு யாருடையதோ என்று விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பெரிய ஊரான நரினிலிருந்த தைராய்டு மருத்துவர் ரஹாத்திடம் போனார்கள். பெகாயிமும் போனாள். கோட்டுகளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

"குளிர் தாங்க மாட்டீங்களாக்கா?" என்று கேட்டார் ரஹாத்.

"ஐயோ, அடுப்ப விட்டு நகர முடியல டாக்டரம்மா."

"தூக்கம்?"

"மாவு பெசயும்போதே சாயுது."

"முடி கொட்டுதா?"

"கொட்டுதான்னா கேக்குறீங்க? ரொட்டியிலயே கெடக்கு. என் மகன் வாயிலேர்ந்து இழுத்துப் போடுறான்."

ஒவ்வொன்றையும் தன் கண்ணால் பார்த்தவள் அவள். ஒரு வருடமாகப் பார்த்துத் திட்டியவள். சாட்சியம் பிசகவே இல்லை.

ரஹாத் கழுத்தைத் தடவினார். தோல் வழவழப்பாக இருந்தது. கை சூடாக இருந்தது. அவர் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். காகிதம் உறுதியாக இருந்தது.

"அக்கா, எண்ணு பெருசா இருக்கே, அப்ப சுரப்பி நெறைய வேலை செய்யுதுன்னு நெனச்சுக்காதீங்க. எல்லாரும் அப்பிடித்தான் நெனக்கிறாங்க. இது தலகீழ்க் கணக்கு. உங்க தலைக்குள்ள ஒரு மாமியா உக்காந்திருக்கா. கழுத்துல மருமக. மருமக வேலை செஞ்சா மாமியா மெதுவாப் பேசுவா. மருமக படுத்துட்டா மாமியா கத்துவா. இந்த டி.எஸ்.ஹெச்சுங்குறது அந்தக் கத்தல்தான். நாலுக்குள்ள இருந்தா வீடு அமைதி. இங்க நாப்பத்தொண்ணு."

சைராகானுக்கு உடனே புரிந்தது. "அப்ப மருமக மேலதான் தப்பு."

"தப்பில்லக்கா. அவளால முடியல. இந்த டி ஃபோர் கொறஞ்சிருக்கு பாருங்க, அதுதான் அவ செஞ்சு குடுக்குற வேலை. இங்க எதிர்ப்பொருள் அறுநூறுக்கு மேல இருக்கு. அப்படின்னா வீட்டு ஆளுங்களே அவள எதிரின்னு நெனச்சு அடிக்கிறாங்க."

"கத்துனா எந்திரிச்சிருவாளா?"

"எங்கேர்ந்து எந்திரிப்பா? மாத்திரையக் குடுத்து அவ வேலைய நாம செய்யணும். மாமியா தானா அடங்கிருவா. தெனம் ஒண்ணு, வெறும் வயித்துல. அரை மணி நேரம் கழிச்சு டீ. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கணும். அவசரப்படாதீங்க, அவ மெதுவாத்தான் அடங்குவா."

கதவோரம் பெகாயிம் இரண்டு கோட்டுகளைக் கையில் பிடித்து, தன் கோட்டைப் போட்டபடியே நின்றிருந்தாள். அறைக்குள் நல்ல சூடு இருந்தது.

அடுத்த விருந்தில் சைராகானுக்குத் தலையணை வந்தது. எடுத்துக் கொடுத்தது பாத்மா.

"நாப்பத்தொண்ணு" என்றாள் சைராகான், சாய்ந்துகொண்டு. "நாலு இருக்கணும். டாக்டரம்மாவே ரெண்டு தரம் கண்ணாடியப் போட்டுப் பாத்தா."

பாத்மாவின் கல் எட்டு மில்லிமீட்டர்தான். அவள் விட்டுக்கொடுக்காமல், கையில் அயோடினால் கட்டம் போட்டுப் பார்க்கச் சொன்னாள். காலைக்குள் கட்டம் மறைந்தால் உடம்புக்கு அயோடின் பசி என்றாள். அக்ரூட் கொட்டைக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பை ஓட்காவில் ஊறவைத்துக் குடிக்கவும் சொன்னாள். சைராகான் எல்லாவற்றையும் செய்தாள். நாற்பத்தொன்றுக்கு ஒரே ஒரு மாத்திரை என்பது அவளுக்குக் கேவலமாகப் பட்டது. மார்ச்சில் இரண்டாக்கினாள். ஏப்ரலில் மூன்று. மறுபடி ரத்தம் பார்க்க மட்டும் போகவில்லை.

மாத்திரை வேலை செய்தது. சைராகான் விடிவதற்கு வெகு முன்னால் எழுந்தாள். தரைவிரிப்புகளைப் பனியில் போட்டு அடித்தாள். பனி உருகிய பிறகு வேலியில் போட்டு மறுபடி அடித்தாள். வியர்த்துக்கொண்டே இருந்தது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. தேநீர்க் கிண்ணம் கையில் ஆடியது. நோய் முற்றுகிறது என்று எங்களிடம் திருப்தியாகச் சொன்னாள்.

அவள் எவ்வளவு விரைந்தாளோ அவ்வளவு பெகாயிம் நின்றுபோனாள். முன்பாவது ஒரு வேலைக்கு ஒரு திட்டு. இப்போது வேலை தொடங்குவதற்கு முன்பே மூன்று திட்டு.

"எனக்கு நாப்பத்தொண்ணு. நான் எந்திரிச்சு விரிப்ப அடிக்கிறேன். ஒனக்கு என்னடி கேடு?" இதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

மே மாதம் பெகாயிமின் பெட்டி அலமாரி மேலிருந்து இறக்கப்பட்டது. அதைத் துடைத்து வைத்தது சைராகான்தான். கூட அனுப்ப ஓர் ஆடும் தனியே கட்டப்பட்டது. எல்தியார் வண்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். பெகாயிம் பெட்டியைப் பார்த்தாள். அழவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்கு முந்தின நாள் பாத்மா வீட்டில் விருந்து. கறி வந்தது. சைராகான் தலையணையில் சாய்ந்து மருமகளை அனுப்புவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தி நெஞ்சைப் பிடித்தாள்.

"பாத்மா, உள்ள குதிர ஓடுது" என்றாள்.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தோம். எண்ண முடியவில்லை. எல்தியார் வந்து வண்டியில் தூக்கிப் போட்டான். அவனோடு வந்த பெகாயிம் தானாகவே பின்னால் ஏறி மாமியாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நானும் ஏறினேன். அந்தத் தலையைப் பிடித்த கைகள் ஆற்றுக் கல் போலக் குளிர்ந்திருந்ததாகச் சைராகானே பின்னால் சொன்னாள். அப்போதும் குறையாகத்தான் சொன்னாள்.

நரினில் ஊசியைப் பார்க்க அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. படுத்திருந்தவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சை அடக்க மருந்து கொடுத்தார்கள். மறுநாள் ரஹாத் இரண்டு காகிதங்களோடு வந்தார்.

"அக்கா, எத்தன மாத்திரை சாப்பிட்டீங்க?"

சைராகான் கூரையைப் பார்த்து, "மூணு" என்றாள்.

"மாமியா வாயவே தொறக்கல. டி.எஸ்.ஹெச்சு சுத்தமாக் கீழ போயிருச்சு. டி ஃபோர் எக்கச்சக்கம். ஆனா ஒண்ணு இடிக்குது. மருமக நெசமாவே படுத்துக் கெடந்தா மூணு மாத்திர இந்த ஆட்டு ஆட்டாது. ரெண்டு பேர் வேலை செய்யுற மாதிரி இருக்கு. அது கூடப் போகட்டும். போன தடவ எதிர்ப்பொருள் அறுநூறுக்கு மேல. இப்ப இல்லவே இல்ல. அது மூணு மாசத்துல தொடச்சு எடுத்த மாதிரிப் போகாது." இரண்டு காகிதங்களையும் படுக்கையில் பக்கம் பக்கமாக வைத்தார். "இது ஒரே ஆளு ரத்தமில்ல. பிப்ரவரில குடுத்தது யாரு?"

எல்தியார் தன் காலணியைப் பார்த்தான். சைராகான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். எனக்கும் ஜன்னலில் பார்க்க ஏதோ கிடைத்தது.

பெகாயிம் பேசவில்லை. பேசினால் மாமியாருக்கு அவமானம். பேசாவிட்டால் வெளியே வண்டியில் அவள் பெட்டி இருந்தது. எல்தியார் இரவே ஊருக்குத் திரும்பி, காலையில் அதை ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். இங்கிருந்து ஏரிக்கரை போவது ஒரே சுற்றில் முடியும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

அவள் கோட்டைக் கழற்றினாள். கம்பளிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். மருத்துவருக்கு முன்னால் கையை நீட்டினாள்.

ரஹாத் அந்தக் கையைப் பார்த்தார். தொட்டார். தோல் மரப்பட்டை போல் இருந்தது. நிமிர்ந்து உப்பிய கண்களையும், பாதி உதிர்ந்த புருவத்தையும், ஜன்னலுக்கு வெளியே இருந்த மே மாதத்து வெயிலையும் பார்த்தார். பிப்ரவரியில் இவள் கதவோரம் நின்றது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது.

"ஒம் பேரு என்னம்மா?"

"பெகாயிம்."

அந்த அறையில் அவள் சொல்லலாம் என்றிருந்த பெயர் அது ஒன்றுதான்.

அவளுடைய டி.எஸ்.ஹெச். ஐம்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது. மாத்திரை அவளுக்கு எழுதப்பட்டது. சைராகானுக்கு ஒன்றும் எழுதப்படவில்லை. மாத்திரையை நிறுத்துங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், உங்கள் சுரப்பி இளம்பெண்ணின் சுரப்பி மாதிரி இருக்கிறது என்று ரஹாத் சொன்னபோது, சைராகான் அதை ஒரு வசவைப் போல வாங்கிக்கொண்டாள்.

பெட்டி அதே வண்டியில் வீட்டுக்குத் திரும்பியது. கட்டி வைத்த ஆடு அந்த வாரம் அறுக்கப்பட்டது, சைராகான் உடம்பு தேறியதற்காக.

கோடையின் முடிவில் பெகாயிமின் முகம் வடிந்தது. எலும்பும் கண்ணும் வெளியே வந்தபோது, இவள் அழகி என்பது எங்களுக்கு நினைவு வந்தது. கோட்டை ஆணியில் மாட்டினாள். எல்தியாரைப் பார்த்து, "என் பெட்டிய எறக்குனப்ப நீ வண்டிக்கு எண்ண மாத்திக்கிட்டு இருந்தேல்ல" என்று ஒரு தரம் சொன்னாளாம். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்குள் வரும்போது தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

சைராகான் தலையணையை விடவில்லை.

"நான்தான் கண்டுபுடிச்சேன்" என்றாள் விருந்தில். "புள்ள மொகத்தப் பாத்தேன், சரியில்ல. என் பேர்ல சீட்டு வாங்கி அவ ரத்தத்த அனுப்புனேன். அது சரியான்னு பாக்க மாத்திரைய நானே மூணு மூணாத் தின்னு பாத்தேன். எந்த மாமியா செய்வா?"

"எவளும் செய்ய மாட்டா" என்றாள் பாத்மா, உண்மையாகவே.

அக்டோபரில் சைராகான் சர்க்கரை பார்க்கச் சீட்டு வாங்கினாள். செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. அதே இடம், அதே நர்ஸ். சைராகான் மருமகளை வரிசையில் நிறுத்திவிட்டுப் பாத்மா வீட்டுக்குள் போனாள். பெகாயிமுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். ஜன்னல் வழியாகப் பாலேட்டுக் கிண்ணம் தெரிந்தது.

"பேரு?" என்றாள் நர்ஸ்.

பெகாயிம் சீட்டை நீட்டவில்லை. திரும்பி, தெருவைத் தாண்டி அந்த ஜன்னலுக்குக் கேட்கும் குரலில் கூப்பிட்டாள்.

"சைராகான் அம்மா, உங்க முறை. ரொட்டிய வச்சிட்டு வாங்க. கைய நீட்டணும்."

வரிசையில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஜன்னலுக்குள் கிண்ணம் பாதி வழியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்து சைராகான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியில் ஏறி, சுவரைப் பார்த்து, கையை நீட்டினாள்.

அந்த மாத விருந்தில் நாங்கள் வேறு எதையும் பேசவில்லை. மருமகள் வாயில் மாமியார் பெயர், அதுவும் நடுத்தெருவில். மாத்திரை அதிகமாகிவிட்டது என்றாள் பாத்மா. எல்லோரும் தலையாட்டினோம்.

போன வாரம் எடுத்த முடிவைப் பெகாயிம் என்னிடம் காட்டினாள். டி.எஸ்.ஹெச். இரண்டு புள்ளி ஒன்று. அளவு மிகச் சரியாக இருந்தது.